மாட்டுக்குப் போன நாற்று

வலங்கைமானுக்கு முன்னால் ஓர் ஊரில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்துகிறார்கள். எதிர் வீட்டை ஒட்டி, பிளாஸ்டிக் தட்டுகளில் வரிசையாக நெல் நாற்று. ஒரு பெண் அதைத் தட்டுத் தட்டாக எடுத்து மாட்டுக்குப் போடுகிறார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறேன்.

"நடவு மெஷினுக்குன்னு நாங்க அஞ்சு பொம்பளைங்க சேந்து வளத்த நாத்துங்க. வாய்க்கால்ல தண்ணி வரலை, கேட்டவங்க யாரும் எடுக்கலை. இப்ப முத்திப்போச்சு, மெஷின்ல ஓடாது."

"கையால நடலாமே?"

"தண்ணி வந்தா நடலாம். ஆனா மெஷின் வந்தப்பவே நடவாளெல்லாம் திருப்பூருக்குப் போயிட்டாங்க. ஊர்ல மிச்சம் நாங்க அஞ்சு பேருதான்."

பஸ் கிளம்புகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் பாலம். அதனடியில் நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் அவர் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.