வீடு திரும்பும் காட்சி

விமானம் வந்தால் டைரக்டர் பேச்சை நிறுத்திவிடுவார். லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் அது ஓயாத வேலை. சன்னல் கண்ணாடி நடுங்கி, சுவரில் ஒரு நிழல் ஊர்ந்து, சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு, விட்ட சொல்லின் மிச்சத்திலிருந்து தொடங்குவார். பம்பாயில் ஒலிப்பதிவுக்காகப் பழகிய பழக்கமாம். தேநீர்க் கோப்பையுடன் நானும் யாருடைய கனவுக்குள்ளோ நிற்பவளைப் போலக் காத்திருப்பேன்.

ஒரு காலத்தில் இந்தி, உருதுப் படங்களை எடுத்தவர் அந்த டைரக்டர். நான் அவரைக் கவனிக்கப் போன கேரர். குளிக்க வார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் மத்தியானங்களில் தன் படங்களைப் பாதி ஆங்கிலத்தில், பாதி உருதுவில் எனக்குச் சொல்லுவார். உருது எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. என்றாலும் கேட்கக் கேட்க மனம் எங்கோ மிதக்கும். எல்லாப் படத்திலும் கடைசியில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். ஒருத்தியாவது திரும்பி வரக்கூடாதா என்று அவருடைய மனைவி சாகும்வரை சண்டை பிடித்தாராம். பாவம், நானென்றாலும் சண்டை பிடித்திருப்பேன்.

அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுதாகப் போவதற்கு முன் மனைவி கேட்ட அந்த ஒரு காட்சியை எடுத்துப் பார்த்துவிடவேண்டும் என்று துடித்தார். நடிகைக்கு எங்கே போவது? என்னையே நடிக்கச் சொன்னார். போனில் படம்பிடிக்க என் மனுசன் வந்தார்.

"நடிகையார் றெடியோ?" என்று மனுசனுக்கு நக்கல் வேறு.

"சும்மா இருங்கோப்பா, போனை நேராய்ப் பிடியுங்கோ" என்றேன்.

கதவைத் திறந்து வரவேண்டும், பையைக் கீழே வைக்கவேண்டும், டைரக்டரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். பேச்சே இல்லை. அவர் 'கட்' சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது.

வந்தேன். சத்தமில்லாமல் பையை வைத்தேன். சிரித்தேன். 'கட்' வரவில்லை. ஒரு விமானம் போயிற்று, பின்னாலேயே இன்னொன்றும் போயிற்று. சிரித்த வாய் எனக்கு வலித்தது. மனுசன் போனைப் பிடித்தபடியே நின்றார். டைரக்டர் கதவுப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பிறகு மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார்: "அவள் வந்துவிட்டாளா?"

ஐயோ! பார்வை முழுதாகவே போய்விட்டிருக்கிறது. எங்களிடம் மூச்சுவிடாமல் மறைத்திருக்கிறார்.

"ஓம் ஐயா, வந்திட்டன்." எனக்குத் தமிழ்தான் வாயில் வந்தது. "கட்" என்றார்.

இப்போது அவர் இல்லை. அந்தக் காட்சி எங்கள் போனில் இருக்கிறது. போட்டால், பேச்சே இல்லாத இடத்தில் என் குரல் கேட்கும். அந்தக் குரலை அழித்துவிடட்டுமா என்று மனுசன் படம்பிடித்த அன்றைக்கே டைரக்டரிடம் கேட்டார்.

"வேண்டாம்," என்றார் டைரக்டர். "நான் பார்த்தது அதை மட்டும்தான்."