கரண்ட் இல்லாத நேரத்தில் வாங்கிய ரேம்

நகரின் ஓரத்தில் இன்சீன் பகுதியில் வீட்டிலிருந்தே கோயில் அழைப்பிதழ்களை அச்சுக்குத் தயாரித்துக் கொடுக்கிறேன். தீமிதி அழைப்பிதழ் பாதியில் இருக்கும்போது என் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. ரேம் மாற்றினால் சரியாகும் என்றார்கள். பழைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு நகர் நடுவே லத்தா பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "யாபாதே, பரவாயில்ல அக்கா, எல்லா மிஷினுக்கும் சேரும். இப்பக் கரண்ட் இல்ல, போட்டுக் காட்ட முடியாது" என்று புதியதை நீட்டினார். இந்த ஊரில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நானும் வாங்கி வந்தேன்.

வீட்டில் அது உள்ளேயே இறங்கவில்லை. அடியில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருந்தது. திருப்பிக் கொண்டுபோனால், "கவரைப் பிரிச்சிட்டீங்களே, எடுக்க மாட்டோம். அன்னைக்கே கரண்ட் இல்லன்னு சொன்னேன்ல" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கரண்ட் எதற்கு? அதற்குள் அழைப்பிதழ் வேலையும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இப்போதெல்லாம் பழையதையும் புதியதையும் கடை மேஜைமேல் ஒட்டி வைத்து, வெட்டு நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே பணப்பையைத் திறக்கிறேன். "கரண்ட் வரட்டும் அக்கா" என்பவர்களிடம், "கண்ணு இருந்தா போதும் தம்பி" என்கிறேன்.