தெரு கேட்கக் கூடாத வாசல்

வாசலில் நிற்கிற வேலையில் கால் வலிப்பதைவிட, எல்லோரும் நம்மையே முறைப்பதுதான் பெரிய வலி. கல்யாணப் பந்தி வாசலிலோ ஆஸ்பத்திரி வார்டு வாசலிலோ நின்று யாரையாவது தடுத்தவர்களுக்கு இது புரியும். நூற்பாலை டைம் ஆபீசில் ஆட்களின் வருகையைப் பதிந்துகொண்டு இருபது வருடம் இருந்தேன். ஆலை மூடியபின், தேனிக்கு வெளியே ஒரு பழைய பஞ்சுக் கொட்டகையின் வாசலில் நிற்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே டான்ஸ். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. எந்த ஞாயிறு என்று அன்று காலையில்தான் போனில் தகவல் போகும்.

நடத்துகிறவள் கம்பத்துப் பெண் நிவேதா. பெங்களூரில் இருந்துவிட்டு வந்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வாசலுக்கு மூன்று விதி வைத்தாள். ஏற்கெனவே வந்த ஒருவர் அழைத்திருக்க வேண்டும். உள்ளே படம் எடுக்க முடியாதபடி போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யாரிடமும் ஊரோ, தெருவோ, யார் வீட்டுப் பிள்ளை என்றோ கேட்கக் கூடாது.

பகல் இருட்டு

வருகிறவர்களில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்கள் ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும். கம்பம் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் வேண்டும். அதனால் எங்கள் இரவு நடன விடுதி மத்தியானம் இரண்டு மணிக்குத் திறக்கும். ஜன்னல்களைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, உள்ளே கலர் லைட் போடுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். பிறகு வேலியோரம் வந்து கேட்டார்: "ஏம்ப்பா, இம்புட்டு வெயிலு சும்மா கெடக்கு. அதை மறைச்சுப்புட்டு, உள்ள கரண்டுக்கு லைட்டு போட்டா ஆடுறாக?"

பெரிய ஆள்

மலையில் ரிசார்ட் வைத்திருப்பவர் ஒருவர் நேராக வரிசையின் முன்னால் வந்து நின்றார். முக்கியஸ்தர்களுக்குத் தனி மேஜை எங்கே என்று கேட்டார். ஒரு பெஞ்சையும் தண்ணீர் கேனையும் காட்டினேன். புதுப் போனில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்றார். அப்படியானால் உள்ளே விட முடியாது என்றேன்.

சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் விதியைக் காப்பாற்றியதால் வந்ததா, பெரிய ஆளைத் தடுத்ததால் வந்ததா என்று இரவெல்லாம் யோசித்தேன். பதில் எனக்குப் பிடித்ததாக இல்லை. அவர் காரில் ஏறும்போது சொன்னது: "பெங்களூருல கூட என்னைய வாசல்ல நிறுத்துனதில்ல. தேனியில வந்து நிறுத்திட்டீகளே!"

கைலி

சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கிற ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கைலியோடு வந்தார். அழைத்தவர் பெயரைச் சரியாகச் சொன்னார். ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டார். கைலி கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் என் கை குறுக்கே போனது. உள்ளிருந்து நிவேதா பார்த்த பிறகுதான் எடுத்தேன்.

கொட்டகை நடுவில் மூன்று மணி நேரம் ஆடினார். ஹாஸ்டல் பெண்கள் அவரைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். வேர்த்து வழிய வெளியே வந்தவர், நான் கேட்காமலே விளக்கம் சொன்னார்: "ஆறு மணிக்குத் த்ரீ பேஸ் கரண்டு வந்துரும்ணே, தோட்டத்து மோட்டாரு போடணும். இல்லாட்டி இன்னும் ரெண்டு பாட்டு ஆடியிருப்பேன்."

வாயில் வந்தது

தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஒரு லேப் டெக்னீஷியன் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். தனியாக வந்திருந்தாள், முகத்தில் கொஞ்சம் பயம். பயம் போகட்டும் என்றுதான் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னாள். "ஊருல எந்தத் தெரு?" என்றேன். கேட்டபிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மில்லில் புது ஆள் வந்தால் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். நம் பக்கம் தெருவைச் சொன்னால் போதும், மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். அதற்காகத்தானே தெருவைக் கேட்கிறோம். அவள் ஹெல்மெட்டை மறுபடி மாட்டி, வந்த வழியே ஸ்கூட்டரைத் திருப்பினாள். "இங்கனயும் இதே கேள்விதானாண்ணே?"

ராஜினாமா

மறுநாள் நிவேதாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளே எல்லோரும் சமம் என்றால், வாசலில் என்னைப் போன்ற ஒருவன் எதற்கு? அந்தப் பெண்ணை அழைத்தவர் மூலம் மன்னிப்புச் சொல்லி அனுப்பியும் பதில் வரவில்லை. அவள் இனி எங்குமே ஆடப் போகாமல் இருந்துவிட்டால் அது என்னால்தான்.

நிவேதா மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னாள்: "வேற ஆளை நிறுத்துனா அவரும் கேப்பாரு. நீங்க இனிமே கேக்க மாட்டீக. நீங்களே நில்லுங்கண்ணே."

மூன்றாம் மாதம்

இரண்டு மாதம் அவள் வரவில்லை. மூன்றாம் மாதம் அதே ஸ்கூட்டர் மண்பாதையில் திரும்பியதைப் பார்த்ததுமே எனக்கு அப்பாடா என்று இருந்தது. கூட இரண்டு தோழிகள். நான் வாயைத் திறக்காமல் ஸ்டிக்கரை நீட்டினேன். அவளே ஒட்டிக்கொண்டாள். பிறகு, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "நீங்க எந்தத் தெருண்ணே?" என்றாள்.

ஐம்பத்து நாலு வயதில் என் தெருப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தோழிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். "சொல்ல வேணாம்ணே. கேட்டா எப்படி இருக்கும்னு காட்டத்தான் கேட்டேன். தள்ளுங்க, பாட்டு போயிக்கிட்டு இருக்கு."

இத்தனை பேரைச் சோதித்து அனுப்பியதில், உள்ளே விட யோசிக்க வேண்டிய ஆளாக நான் உறுதியாகக் கண்டுபிடித்தது ஒருவனைத்தான், அவனைத்தான் இவர்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.