விரியாத கொடி

மே தினத்தன்று மட்டும் அப்பா தன் சொந்தத் தம்பியைத் ‘தோழர்’ என்று கூப்பிடுவார். மற்ற நாளெல்லாம் ‘டேய்’தான். இருவருக்கும் மரவேலை. சித்தப்பா கயிறு போடுவதில் மகா கெட்டிக்காரர். பெரிய வீடுகளின் தேக்கு உத்திரங்களை அவருடைய முடிச்சை நம்பித்தான் ஏற்றி இறக்குவார்கள்.

தாத்தா காலத்தில் கோவிலூர் சாலை முக்கில் கட்சிக் கொடி ஏறும்போது, மில் தொழிலாளிகளும் நெசவாளிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பார்களாம். பிறகு மில் மூடியது, தறிகள் குறைந்தன, பிள்ளைகள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்கள். டெல்லி வரைக்கும் கட்சி தேய்ந்துகொண்டே வந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கிளைக் கூட்டம் என்றால் அப்பா, சித்தப்பா, சலூன் வைத்திருந்த மாமா, அவ்வளவுதான். வாங்கிய டீயும் மிச்சமாகும்.

அந்த மே தினத்துக்கு மாவட்டத்திலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். கிளையைக் கலைத்துவிடலாமா என்று பார்த்துப்போக வந்தவர்.

“ஆளில்லாத எடத்துல கம்பம் எதுக்குத் தோழர்? இனிமே டவுன்லயே வந்து ஏத்துங்க,” என்றார்.

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அது தாத்தா நட்ட கம்பம். எனக்கோ கையிலிருந்த ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தின்மேல்தான் கண். கொடி விரிந்த பிறகே பிரிக்கலாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அப்பா கயிற்றை இழுத்தார். கொடி உச்சிக்குப் போயிற்று; விரியவில்லை. உள்ளே பூவை வைத்துச் சுருட்டி, சுண்டினால் அவிழும்படி உருவுமுடிச்சுப் போட வேண்டும். சித்தப்பா பழக்கதோஷத்தில் உத்திரத்துக்குப் போடும் முடிச்சைப் போட்டுவிட்டார். இழுக்க இழுக்க இறுகியது. இறக்கலாம் என்றால் உருளையில் சிக்கிக்கொண்டு இறங்கவும் மாட்டேன் என்றது. சலூன் மாமா மட்டும் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டார்.

வேடிக்கை பார்க்க டீக்கடையிலிருந்து சிலர் வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். அங்குட்டு இழு, இங்குட்டு இழு என்று ஆளுக்கொரு யோசனை. எப்போதும் எதிர்க் கட்சிக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஓட்டு ஒங்களுக்குப் போட மாட்டேண்ணே. அதுக்காக ஒங்க கொடி இப்புடித் தொங்குறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?”

“ஏணிய நல்லாப் புடிங்கப்பா,” என்று அதட்டினாள் பூக்கார அக்கா. “எங்க தெருவுக்கு லைட்டு வந்ததே இவுக அலைஞ்ச அலைச்சல்லதான். இவுக கொடியில்ல அது!”

அண்ணன் ஏறி முடிச்சை அவிழ்த்துவிட, கொடி விரிந்தது. முக்கு நிறைய ஆட்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்ட, அவர்கள் தலையெல்லாம் பூ. என் பொட்டலத்தைப் பிரித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததில் எனக்கென்று ஒரு மிட்டாய்கூட மிஞ்சவில்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்பா சித்தப்பா பக்கம் திரும்பி, மாவட்டத் தோழர் காதுபடவே கத்தினார்.

“டேய்! அடுத்த வருசம் முடிச்ச நான் போடுறேன். நீ கம்பத்துப் பக்கமே வரப்படாது!”

மாவட்டத் தோழர் கூட்டத்தைப் பார்த்தார்; அவரும் கைதட்டினார். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கிய சித்தப்பாவோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அன்று என் காதில் விழுந்தது அந்த ‘டேய்’ மட்டும்தான். ‘அடுத்த வருசம்’ விழவில்லை.