அக்கா செய்த பஸ் கேக்

அக்காவின் முதல் வருடத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்த தோழிகளுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி மாமா காகிதம் கொடுத்துப் பல நாளாகிறது. உட்கார்ந்தால் அழுகை வரவில்லை, அசதிதான் வருகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மாதனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். அறுப்புக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு வலி எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி வரும் வழியிலேயே பிறந்துவிட்டார். "அதான் இவளுக்கு ஒரு எடத்துல குந்தவே தெரியல" என்று அம்மா சொல்வார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், பத்தாவது முடித்த கையோடு அக்கா ஷூ கம்பெனிக்குப் போனார். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவு. அந்தத் தையலில்தான் எங்கள் வீடு நின்றது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அழுதால், "மொத வாரம் ஊசி கையிலதான்டி குத்தும், அப்புறந்தான் தோல்ல குத்தும், கண்ணைத் துடை" என்பாராம். துக்கத்துக்கு வந்த தோழிகள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்கள்.

லோடு ஆட்டோ ஓட்டும் மாமாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். வெகுகாலம் கழித்துத்தான் பாப்பா பிறந்தாள். அவள் நடந்து பேசி ஓடும் வயதில் அக்காவின் வயிற்றில் கட்டி வந்தது. வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மருந்தில் முடி போனது. விரல் நுனிகள் மரத்துப்போயின. கடைசியில் டாக்டர், "வீட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாப்பாவுக்குத் தெரியாது. அம்மா பஸ் ஏறி வேலைக்குப் போனால் அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்கு. காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் ஓடி வருவாள்.

"ம்மா, பஸ்ஸு வந்துச்சு. இன்னிக்கும் போவலியா?"

நாளைக்கு, நாளைக்கு என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிச் சமாளித்தோம். ஒரு நாள் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இப்படியே சொல்லிக்கினு இருந்து, ஒரு நாள் நான் சொல்லாமலே போய்ட்டா, என் கொழந்தை என்னை இன்னான்னு நினைக்கும்?" என்று கேட்டார். அதன் பிறகு அவருக்கு நோயைவிட இந்தக் கவலையே பெரிதாகிவிட்டது. எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது?

அந்த நேரத்தில்தான் பாப்பாவின் பிறந்தநாள் வந்தது. பஸ் மாதிரி கேக் வேண்டும் என்றாள். பேக்கரியில் சொல்லிவிடலாம் என்றார் மாமா. "வேணாம், நான் செய்றேன்" என்றார் அக்கா.

"எழுந்து குந்த முடியல, கேக்கு செய்றாளாம் கேக்கு" என்று அம்மா முணுமுணுத்தார்.

"படுத்துக்கினே செய்றேன், உனக்கு இன்னா?" என்றார் அக்கா.

இட்லி குண்டானில் மணல் பரப்பி, நீள டிபன் டப்பாவில் மாவை ஊற்றி நான் வேகவைத்தேன். அலங்காரம் முழுக்க அக்கா. பால் பவுடரும் பொடித்த சர்க்கரையும் நெய்யும் பிசைந்து, கேசரிப் பவுடரில் மஞ்சளாக்கி, சப்பாத்தி போலத் திரட்டச் சொன்னார். பேப்பரில் பஸ்ஸின் அளவை வெட்டி, அதை மேலே வைத்துக் கத்தியால் கீறினார். விரல் மரத்திருந்தும் கத்தியை விடவில்லை.

எடுத்துக் கேக் மேல் போர்த்தினால், நாலு பக்கமும் தொங்குகிறது.

"இன்னாடி இது, பஸ்ஸுக்கு முந்தானை வுட்டிருக்கே?" என்றார் அம்மா.

அக்கா பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, மடிப்புக்கு வுட்டுட்டேம்மா!" ஷூவுக்குத் தோல் வெட்டும்போது ஓரத்தை மடிக்கக் கொஞ்சம் கூடுதலாக விடுவார்களாம். கை அதே பழக்கத்தில் கேக்குக்கும் விட்டிருக்கிறது. அறுத்து எறியாமல், தோலை மடிப்பது போலவே ஓரத்தை உள்ளே மடித்து, முள்கரண்டியால் சுற்றிலும் தையல் மாதிரி குத்திக்கொண்டு போனார். சக்கரத்துக்கு க்ரீம் பிஸ்கட். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முந்திரி வைத்து அதுதான் ஆள் என்றார்.

வெயிலில் கேக்கின் கூரை இளகத் தொடங்கியது. எதிர்வீட்டு பாய் சம்சாரம், நாங்கள் பாபி என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்துவிட்டு, "அரே, நம்ம ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்கு? பேஜார் ஆவாத, குடு" என்று அப்படியே தட்டோடு தூக்கிக்கொண்டு போனார். தன் வீட்டுக் கறியையும் தயிரையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அதற்கு இடம் செய்தார் என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் கேக்கைப் பார்த்ததும் பாப்பா குதித்தாள். ஒவ்வொரு ஜன்னலாக விரல் வைத்தாள்.

"இது யாரு?"

"இது டிரைவர் அண்ணன்."

"இது?"

"இது எங்க சூப்பர்வைசர். சும்மா கத்திக்கினே இருப்பாரு."

"அப்போ இவரை நான் துன்னுடறேன்" என்று வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். மென்றுகொண்டே கேட்டாள்.

"நீ எங்கம்மா குந்தியிருக்கே?"

மாமா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா எறங்கிட்டேன் கண்ணு. இனிமே ஏற மாட்டேன்" என்றார் அக்கா. "அம்மாவுக்கு உடம்பு சரியாவாது. கொஞ்ச நாள்ல சாமிகிட்ட போய்டுவேன்."

"என்கிட்ட சொல்லாம போவக் கூடாது" என்றாள் பாப்பா.

"போவ மாட்டேன். சொல்லிட்டுத்தான் போவேன்."

அன்று அக்கா அசந்து தூங்கினார். அத்தனை மாதத்தில் அவர் முனகாமல் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், பேச்சு குழறத் தொடங்கியதும் பாப்பாவைக் கூப்பிட்டார். "கண்ணு, அம்மா கெளம்பறேன்" என்றார். "சரிம்மா" என்றாள் அவள். அதற்குமேல் அக்கா பேசவில்லை. மறுநாள் விடியும்போது இல்லை.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், வேலூரில் ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்த தோழிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய பாபிக்கும் நன்றி என்ற வார்த்தை சின்னது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். துக்க வீட்டிலிருந்து போகும்போது, போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். போன வருடம் அப்படித்தான் ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போனீர்கள். தப்பில்லை. ஆனால் அன்று ராத்திரி பாப்பா, "ஏன் சித்தி யாருமே என்கிட்ட சொல்லிட்டுப் போவல?" என்று கேட்டாள். நான் விளக்கிப் பார்த்தேன். அவளுக்கு ஏறவில்லை. இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வருடம் அவள் பிறந்தநாள் திதிக்கு முன்னால் வந்ததால், பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள், நாங்களும் செய்யவில்லை. இன்று படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு கேக் இருக்கிறது. மெழுகுவர்த்தி இல்லை, பாட்டு இல்லை. மேலே பூசியது நான், சுமாராகத்தான் இருக்கும். அவள் கையால் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவளிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.

— தங்கை