கம்பெனி கேட்டில் மழைச்சோறு

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் டூரிங் கொட்டாய் போட்டுவிட்டால் முனிலட்சுமியை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. பெண்கள் பக்கத்து மணலில் முதல் ஆளாய்ப் போய்க் குந்திக்கொள்வாள். படத்தில் கதாநாயகி கண்ணைக் கசக்குமுன் இவள் முந்தானையை எடுத்துவிடுவாள். "கொஞ்சம் பொறுடி, அவ புருசன் இன்னும் சாவல" என்று மற்றவர்கள் அதட்டும்படி இருக்கும்.

அவள் புருசன் திம்மப்பன், ஓசூர் ரோட்டில் புதிதாக வந்த சாயக் கம்பெனியில் பாய்லருக்கு விறகு போடுகிறவன். சாது. வீட்டில் பேச்செல்லாம் 'ம்' தான். கொட்டாய்க்கு வந்தாலும் மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கிவிடுவான்.

எண்பத்தேழாம் வருசம். மழை தொடர்ந்து பொய்த்து, கேழ்வரகு விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக் கிடந்த நேரம். படத்துக்கு முன்னால் ஓடும் நியூஸ் ரீலை யாரும் பார்ப்பதில்லை. அது முறுக்கு வாங்கும் நேரம். அன்றைக்கு முறுக்குக்காரன் வரவில்லை. வேறு வழியில்லாமல் முனிலட்சுமி பார்த்துத் தொலைத்தாள். மரத்தை வெட்டி எரிக்க எரிக்கப் பூமிக்குச் சூடு ஏறுகிறது, பருவம் தடுமாறுகிறது என்று யாரோ ஒருவர் கனத்த குரலில் சொல்ல, திரை முழுக்கப் புகை.

தடுப்புக்குள் கையை விட்டுப் புருசனை இடித்தாள். "மாமா, எந்திரி! உங்க கம்பெனியக் காட்டுறான்."

"அதத்தான் தினமும் பாக்குறேனே. டிக்கெட்டு வாங்கி வேற பாக்கணுமா?" என்று அவன் திரும்பிப் படுத்தான்.

அந்த வாரமே ஏரிக்கரைப் புளியமரங்களை ஒரு காண்ட்ராக்டர் ஏலம் எடுத்தார். திங்கட்கிழமை வெட்டு. விறகு போகிற இடம் திம்மப்பனின் பாய்லர்.

"நீ வாயத் தொறக்காத," என்றான் அவன், வழக்கத்துக்கு மாறாக முழு வாக்கியத்தில். "இந்த மாசம் என்னைப் பர்மனன்ட் பண்ணப்போறாங்க."

"நான் எங்க தொறக்குறேன்? ஊரே தொறக்கப்போவுது" என்றாள் அவள்.

மழை இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துப் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். வீடு வீடாக உப்பில்லாத கூழ் வாங்கி, ஊர் எல்லையில் சட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு கூழைக் குடித்துவிட்டு, "மழையில்லாத ஊர்ல எங்களுக்கென்ன வேலை" என்று ஊரை விட்டே நடப்பார்கள். ஆண்பிள்ளை ஒருவன் வந்து வாக்குக் கொடுத்துக் கூப்பிட்டால்தான் திரும்புவது. கொடுத்த வாக்குக்கு அவனே பொறுப்பு.

அந்த வருசம் முனிலட்சுமி எல்லையை மாற்றினாள். "ஊர் எல்லையில அழுதா வானத்துக்கு மட்டுந்தான் கேக்கும். கம்பெனி கேட்டுல அழுவலாம்" என்றாள். ஒப்பாரிக்குத் தலைவியான நாராயணம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கேட் பக்கம் புங்கமர நிழல் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிற கம்பெனி அது. பெண்கள் மாரடித்து அழுத சத்தம் உள்ளே இருந்த மேனேஜர் காதுக்குப் போயிற்று. வடக்கத்தி மனிதர், வந்து ஆறு மாதம்தான். யாரோ தொழிலாளி செத்துப்போய்விட்டான், பெண்டாட்டி கேட்டுக்கே வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாய்லரை அணைக்கச் சொல்லி, எல்லாரையும் நிறுத்தித் தலை எண்ணினார். எல்லாத் தலையும் இருந்தது. ஷிப்டில் இல்லாத எவனோ என்று முடிவுகட்டி, ஆபீஸ் சாமி படத்து மாலையைக் கழற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் வெளியே வந்தார்.

"யாரு... போயிட்டாங்க?"

"மழை போயிடுச்சு சாமி" என்றாள் நாராயணம்மா.

கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைக் கூழ்ச்சட்டிக்குப் போட்டார். வாட்ச்மேன் தீர்த்தகிரி மரத்து விஷயத்தைக் கன்னடமும் இந்தியும் கலந்து விளக்கினார். மேனேஜர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பெண்கள் கூழைக் குடித்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு மாலூர் பக்கமாக, கர்நாடகத்தை நோக்கி நடந்தார்கள்.

கேட்டில், கம்பெனியில் வேலை செய்கிற ஊர் ஆண்கள் இருபது பேர் இருந்தார்கள். ஒருவன் வாயும் திறக்கவில்லை. கூப்பிட்டால் மரத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார்.

"ஏன்டி, உம்புருசன் கூப்புடுவானா மாட்டானா? முட்டி வலிக்குது எனக்கு" என்றாள் நாராயணம்மா.

"மெதுவா நடக்கா. அவரு எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு."

"அவன் யோசிக்கிறதுக்குள்ள மாலூரே வந்துடும்டி!"

முனிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடை ஆமையாயிற்று. காலில் முள் குத்தாமலே குனிந்து முள் எடுத்தாள்.

"ஏ முனிலட்சுமி! நில்லு!"

சாம்பல் படிந்த மேலோடு திம்மப்பன் ரோட்டில் வந்து நின்றான்.

"எதுக்கு?"

"வூட்டுக்கு வா."

"சும்மா வரமாட்டேன். வாக்கு?"

அவன் மேனேஜரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏரிக்கரை மரம் பாய்லருக்கு வந்தா, நான் ஒரு கட்டையும் தொடமாட்டேன். போதுமா?"

அவனோடு விறகு போடுகிற எல்லப்பனும் முன்னால் வந்தான். "எங்கம்மா முட்டி வலியோட நடந்து போவுது. நானும் தொடமாட்டேன்" என்றான். நாராயணம்மா அந்த இடத்திலேயே சட்டியை இறக்கிவிட்டாள்.

அணைந்த பாய்லர் முன்னால் அந்த விறகைப் போட ஆளில்லாமல் மேனேஜர் என்ன செய்வார்? வேறு விறகு கொண்டுவரும்படி காண்ட்ராக்டருக்குச் சொல்லியனுப்பினார். வாங்க ஆளில்லாத மரத்தை வெட்ட ஆள் வரவில்லை, புளியமரங்கள் நின்றன. மழையா? சினிமாவாக இருந்தால் அன்றைக்கே கொட்டியிருக்கும். அது நிதானமாக, அடுத்த ஐப்பசியில்தான் வந்தது.

மாதக் கடைசியில் பர்மனன்ட் ஆனவர்கள் பேரைப் படித்தார்கள். திம்மப்பன் பேர் இல்லை. அவன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முனிலட்சுமி தட்டில் களியை வைத்து, கீரையை ஊற்றி, அவன் முன்னால் நகர்த்தினாள்.

"மாமா, வேணுமின்னா இன்னொருக்கா கூழ் வாங்கிட்டு வரட்டுமா? உனக்காவ அழுவுறேன்."

திம்மப்பன் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். "வேணாம் தாயே. நீ அழுதா நான் கூப்புடணும். இன்னொரு வாக்குக் குடுத்தேன்னா இருக்கிற வேலையும் போயிடும்."