சாய்ஸில் விட்ட நான்காவது விதி

என் மேசை இழுப்பறையில், திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுக்கு அடியில், லேமினேஷன் போட்ட ஒரு தாளை இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அச்சான ஒன்பது விதிகள். ஒவ்வொன்றின் கீழும் நீல மையில் என் கையெழுத்தில் தமிழ். நான்காவது விதிக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஒரே ஒரு சொல். அக்கா கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம். அவளுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்தச் சொல் தமிழ் எழுத்தில் இருந்தது.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். தென்காசியில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் அவரைப் பார்க்கவே முடியாது. மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் வேனை விட்டு இறங்கி அருவிக்கு ஓடுவார்கள். அத்தான் அவர்களுடைய செல்போன், கைக்கடிகாரம், செருப்பு எல்லாவற்றுக்கும் காவலாக நிற்பார். எந்த அருவியில் இன்றைக்குத் தண்ணீர், எந்தக் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று ஊரையே காட்டிக் கொடுப்பவர், தான் ஒரு நாளும் எங்கும் ஊர் பார்க்கப் போனதில்லை. ஒரு சீசனில் பெங்களூரிலிருந்து வந்த பையன்கள், வடக்கே பனிமலை அடிவாரத்து ஆறு ஒன்றில் ரப்பர் படகில் போன வீடியோவை அவருக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளை வெள்ளையாகப் பொங்கும் தண்ணீரில் படகு எகிறி விழுகிறது, உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள், பின்னால் உட்கார்ந்து ஒருவர் துடுப்போடு வழிநடத்துகிறார். அத்தான் அந்தப் பின்னால் இருந்த ஆளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இருவது வருசமா நான் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னைய ஒருத்தன் கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அதனால்தான் நான் உடனே சரி என்றேன்.

அந்த ஆற்றின் பெயரை இப்போது எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்போது அந்தப் பெயர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் உருண்டது. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். ஆகவே கடிதப் போக்குவரத்து முழுக்க என் பொறுப்பு. காலாண்டு விடுமுறையில் பயணம் என்று முடிவானது. படகுக்காரர்கள் விதிகளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் எழுதினேன். நான்காவது விதி இது: படகிலிருந்து விழுந்தால் ஆற்றில் எழுந்து நிற்கக் கூடாது, மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கமாக நீட்டி மிதக்க வேண்டும். அத்தான் சிரித்தார். "நிக்காம பெறகு என்னத்தச் செய்ய? இது அருவியே பாக்காதவனுக்கு எழுதுனது மாப்ளே. நமக்குமா நிக்கத் தெரியாது?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சரி அத்தான், நாலாவது கேள்விய சாய்ஸ்ல விட்ருவோம்" என்று, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லி, சிவப்புப் பேனாவால் பக்கத்தில் 'சாய்ஸ்' என்று எழுதி வட்டம் போட்டேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஆற்றில் நனைந்துவிடாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக்கொண்டோம்.

பயிற்சி வேண்டும் என்றது அத்தான்தான். கூட்டம் வருமுன் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போவோம். தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு, தண்ணீர் ஓங்கி விழுகிற இடமாகப் பார்த்து அவர் போய் நிற்பார். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பிடிக்க மாட்டார். காலை அகட்டி, விரல்களைப் பாறை வெடிப்புக்குள் கொடுத்து, பிடரியில் தண்ணீர் விழும்படி தலையைக் குனிந்துகொண்டு, நூறு எண்ணும்வரை அசையாமல் நிற்பார். "கால ஊனிட்டா தண்ணி தோத்துப்போகும் மாப்ளே" என்பார். நானும் பக்கத்தில் நின்று பழகினேன். முதல் நாள் இருபது, பிறகு ஐம்பது, பிறகு நூறு. வெள்ளம் என்று போலீஸார் அருவியை அடைத்த நாட்களில், பயிற்சி கெட்டுப்போகிறதே என்று அவருக்கு இருப்புக் கொள்ளாது. விழுகிற தண்ணீரை மட்டுமே தெரிந்த ஊர்க்காரர்கள் நாங்கள். ஓடுகிற தண்ணீர் வேறு என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. எதைச் செய்யக் கூடாது என்று அந்தத் தாள் சொன்னதோ, அதையே இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து போய்க் கற்றுக்கொண்டோம்.

தென்காசி ஸ்டேஷனுக்கு அக்கா வந்திருந்தாள். ஒரு டப்பா நிறைய முறுக்கு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். ரயில் நகருமுன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தானிடம் ஏதோ சொன்னாள். நான் பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டது மட்டும் தெரிந்தது.

ஆற்றங்கரையில் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நல்ல மனிதர், நிதானமானவர். இந்தியிலும் உடைந்த ஆங்கிலத்திலும் ஒவ்வொரு விதியாகச் சொல்லி, மணலில் படுத்தும் காட்டினார். நான் அத்தானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக்கொண்டிருந்த அத்தான், அவர் படுத்துக் காட்டியபோது, "என்ன சொல்லுதாரு மாப்ளே?" என்றார். "நம்ம சாய்ஸ்ல விட்டதுதான் அத்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். புரிந்ததா என்று வழிகாட்டி கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் தலையாட்டினேன்.

மூன்றாவது சுழிப்பில் படகு கவிழ்ந்தது. குளிர் என்னை ஓர் அடி அடித்தது. கூட வந்த இன்னொரு படகுக்காரர் என் தோள்வாரைப் பிடித்து இழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் நடு ஆற்றில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீர். காலை அகட்டி, தலையைக் குனிந்து, ஐந்தருவியில் நிற்பதுபோலவே. என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். அந்த நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். நின்றுவிட்டார், எங்கள் பயிற்சி வீண்போகவில்லை என்று மனசு துள்ளியது. வழிகாட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அது எனக்குப் புரிந்து, "அத்தான், நிக்காதிய, படுங்க" என்று நான் கத்துவதற்குள், பாறை இடுக்கில் அவர் கால் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து தண்ணீர் அவரை முன்பக்கமாக மடித்து அழுத்தியது. தண்ணீர் தோற்கவில்லை. கயிறு போட்டு அவரை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னாள். "நிக்கக் கூடாதுன்னு அந்தப் படகுக்காரப் பாவி ஒரு வார்த்த சொல்லிருந்தா அவரு நின்னுருப்பாரா?" நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஒரு தவறும் செய்யாத அந்த வழிகாட்டி இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் சாபம் வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவள் வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இந்த வருடச் சாரல் ஆரம்பித்த அன்று மத்தியானம், பாதி வகுப்பில் பிள்ளைகளிடம் "அந்தக் கேள்விய சாய்ஸ்ல விட்ருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. சாக்பீஸைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். கரையில் வழிகாட்டி சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, தலையாட்டியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தாளை அவள் மடியில் வைத்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் நான்காவது வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். சிவப்பு வட்டத்தில் விரல் நின்றது.

விரலை அங்கிருந்து எடுக்காமலே கேட்டாள். "அன்னைக்கு ரயிலடியில நான் அவருட்ட என்ன சொன்னேன்னு ஒனக்குத் தெரியுமாலே?"

"தெரியாதுக்கா."

"விழுந்துட்டா பயந்துராதிய, ஐந்தருவில நிக்க மாரி கால நல்லா ஊனி நின்னுக்கிடுங்கன்னு சொன்னேன். சத்தியம் வாங்கிட்டுத்தாம்லே அனுப்புனேன்."

இரண்டு வருடமாக அவளும் அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பயந்ததுபோல அவள் எனக்குப் பயந்திருக்கிறாள். நடு ஆற்றில் அவர் கையைத் தூக்கியது எனக்காக இல்லை, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதற்காக என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. அக்காவின் கண்ணீர் தாளின் மேல் விழுந்து, உள்ளே இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்றது. அவள் முந்தானையால் துடைத்தாள். நனையக் கூடாது என்று போட்ட லேமினேஷன். உள்ளே என் சிவப்பு எழுத்து கொஞ்சமும் கலையாமல் இருந்தது.